மாமாவின் ஒக்ஸ்போட், மாமாவின் கேம்பிரிஜ்

பயப்படுவதில் எனக்குப் பிறவியிலேயே ஒரு கெட்டித்தனம் உண்டு. மற்றவர்கள் பாம்புக்குப் பயப்படுவார்கள், பேய்க்குப் பயப்படுவார்கள். நான் தொலைபேசி மணிக்குப் பயப்படுவேன். எஸ்கலேட்டரில் முதல் காலை வைக்கப் பயப்படுவேன். நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் இடத்துக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படும்போது, அவர்களைப் பார்த்து நானும் பயப்படுவேன். (வாயைத் திறந்துகொண்டு கிடப்பது அவர்கள், வியர்ப்பது எனக்கு.) ஆனால் இதுவரை பட்ட பயங்களில் முதலிடம், என் மாமனாரை முதன்முதலாகப் பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அன்றைக்கு அவர் என் மாமனார் இல்லை. அன்று நடந்ததைப் பார்த்தால் ஆகியிருக்கவும் கூடாது.

கஜனை எனக்குப் பேசிக்கொண்டு வந்தது வசந்தி அன்ரி. அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் பாதிக் கலியாணங்கள் தன்னால்தான் நடந்தன என்று சொல்லிக்கொள்வார். மீதிப் பாதி ஏன் முறிந்தது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருக்கும். அவர் சொல்லித்தான் நானும் கஜனும் கோப்பிக்கடையில் சில தடவை சந்தித்தோம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சிரிக்கும்போது அவருடைய முன்பல் ஒன்று மற்றதன் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். பல்லோடு மாரடிக்கிறவள் நான். கம்பி போட்டு அதை நேராக்கலாம் என்று ஒருநாளும் சொல்லத் தோன்றவில்லை என்றால் என் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாலை அன்ரி போன் எடுத்தார்.

“பிள்ளை, தகப்பன் லேசுப்பட்ட ஆளில்லை. முதல் ஒக்ஸ்போட் எடுத்தவராம். அது காணாதெண்டு பிறகு கேம்பிரிஜும் எடுத்தவராம். தாய்க்காறி தன்ரை வாயாலை சொன்னவ.”

“ரெண்டுமோ அன்ரி?”

“ரெண்டும்! உந்த ரெண்டாலையும் வீட்டிலை தனக்கு இடமில்லையாம் எண்டு அந்த மனிசி அழாத குறை. எவ்வளவு புத்தகம் இருக்கும், யோசிச்சுப் பாரும்.”

“அப்ப ஏன் மிசிசாகாவிலை எயார்போட் கார்கோவிலை வேலை செய்யிறார்?”

“எங்கடை படிச்ச சனத்துக்கு இந்த நாடு என்ன மரியாதை குடுத்தது? டொக்டர்மார் டாக்சி ஓடேல்லையே?”

நான் தலையை ஆட்டினேன். இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் எல்லாரும் ஆட்டுவார்கள்.

எடுத்தவர் என்ற சொல்லை நாங்கள் எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று அப்போது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பட்டம் எடுத்தவர் என்கிறோம். வீடு எடுத்தவர் என்கிறோம். கடன், லீவு, போட்டோ எல்லாமே எடுக்கிறதுதான். நான் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ரத்தம், ஒக்ஸ்போட் என்று காதில் விழுந்தால் பட்டம் என்றுதான் மூளை சொல்லும்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் யூனிவேர்சிற்றிக்குப் போய், முதல் வருடத்திலேயே இரசாயனத்தில் கோட்டைவிட்டு, வெளியே வந்து, பல் வைத்திய உதவியாளர் படிப்பைக் கல்லூரியில் முடித்தவள். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வசந்தி அன்ரி மாப்பிள்ளை வீட்டில், பிள்ளை யூனிவேர்சிற்றி முடிச்சவ என்று அடித்துவிட்டிருந்தார். அது பொய்யல்லவா என்று கேட்டதற்கு, “வாசல் மிதிச்சனீர்தானே? அது காணும்” என்றார். கஜனிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு சந்திப்பிலும் வாயெடுப்பேன். அவர் சிரிப்பார், அந்தப் பல் தெரியும், நான் வாயை மூடிக்கொள்வேன்.

சாதாரணமாக மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு வருவார்கள். கஜனின் அப்பாவோ, ஞாயிற்றுக்கிழமை தான் அசையமாட்டேன், பிள்ளையைத் தங்கள் ஊரான ஸ்ரௌவ்விலுக்கு வரச்சொல் என்றுவிட்டாராம். கஜன் வேறு போனில் எச்சரித்தார். “அப்பா ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் எண்டு ஸ்ராட் பண்ணினா ஜஸ்ட் தலையை ஆட்டும். ஸ்ரொப் பண்ண மாட்டார். கேள்வியும் கேப்பார். டெஸ்ட் பண்ணிப் பாக்கிறது அவருக்கு ஒரு விசர்.”

டெஸ்ட்! அந்த வாரம் முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறைக்குள் இருந்து படித்தேன். அந்த இரண்டு ஊர்களிலும் படித்த பெரியவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். இரண்டுக்கும் இடையில் படகுப் போட்டி நடக்கும் என்ற தகவல் கிடைத்தது. பேச்சு நின்றுபோனால் எடுத்துவிடலாம் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. அம்மாவுக்கு வேலை, அப்பாவுக்கு என்னைவிடப் பயம். ஆகவே நானும் வசந்தி அன்ரியும் போனோம். ஸ்ரௌவ்வில் எல்லை தாண்டியதும் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி நின்றன. அந்த வீட்டை மட்டும் உடனே கண்டுபிடிக்கலாம். இரட்டைக் கராஜ் கதவு இறுக்கப் பூட்டியிருக்க, வீட்டுக்காரரின் காரும் வீட்டுக்காரியின் காரும் வெளியே வெயிலில் நின்றன. எனக்கு உடனே விளங்கியது. கராஜ் முழுக்கப் புத்தகம்.

கஜனின் அப்பா வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. கை கூப்பியபோது பார்த்தேன், நகங்களின் ஓரமெல்லாம் கறுப்பு. மை! இந்தக் காலத்திலும் பேனாவால் எழுதுகிற மனிதர். உள்ளே கண்ணாடி அலுமாரி நிறையக் கோப்பைகளும் பதக்கங்களும்.

கஜனின் அம்மா தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார். அதிகம் பேசாத பெண்மணி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இனித் தாங்காது என்று நானே தொடங்கினேன்.

“அங்கிள், ஒக்ஸ்போட் எப்பிடி?”

அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “ஒக்ஸ்போட்தான் பிள்ளை முதல். எல்லாம் பழகினது அதிலைதான். ஆனா லேசிலை விடேல்லை. ரெண்டு தரம் ஃபெயில்.”

“ஃபெயிலோ அங்கிள்?”

“படு ஃபெயில். பிறகு இங்கிலாந்திலையிருந்து சாமான் எடுப்பிச்சு, இரவு பகலா மினக்கெட்டு, மூண்டாம் தரம்தான் பாஸ்.”

(புத்தகத்தைச் சாமான் என்கிறார். என்ன அடக்கம்!)

“கேம்பிரிஜ்?”

“அது ஒரே அடியிலை பாஸ். ஆனா உண்மையைச் சொல்லவேணும், உள்ளுக்கை முழுக்க உக்கல்.”

பெரிய இடங்களைப் பற்றிப் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். “ஓம் அங்கிள், வெளியிலை பேர் மட்டும்தான்” என்றேன்.

“கெட்டிக்காரி!” என்று தொடையில் தட்டினார். “வெளிப்பூச்சைப் பாத்து ஏமாறக்கூடாது.”

அந்தப் பாராட்டு தலைக்கேறிவிட்டது. படகுப் போட்டியை எடுத்துவிட்டேன். “ரெண்டும் ஒவ்வொரு வருசமும் போட்டி போடுமாமே அங்கிள்?”

“உதுகளோ? எங்கை ஓடிறது! ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வாறதே பெரும்பாடு.”

இது எனக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் மனிதர் தன் தோல்வியைக் கூச்சமில்லாமல் சொன்னாரே, அது எனக்குள் எதையோ இளக்கிவிட்டது. இரண்டு தரம் தவறிய மனிதர் என்னை விளங்கிக்கொள்ள மாட்டாரா? இதுதான் சந்தர்ப்பம் என்று கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

“அங்கிள், எனக்கும் முதல் வருசமே சரிவரேல்லை. ஃபெயில். அதோடை… விட்டிட்டன்.”

வசந்தி அன்ரி என் தொடையில் நுள்ளினார். அங்கிள் முன்னால் சாய்ந்தார். கண்களில் உண்மையான கவலை.

“விட்டிட்டீரோ? திருத்திப் பாக்கேல்லையோ?”

“பாத்தனான் அங்கிள். முடியேல்லை.”

“ஆரிட்டைக் காட்டினனீர்?”

“அங்கை ஒரு கவுன்சிலர் இருந்தவ.”

“கவுன்சிலருக்கு என்ன தெரியும்? என்னட்டை எல்லோ கொண்டுவந்திருக்கவேணும்! சரி, என்ன மொடல்?”

கஜன் குடித்த தேநீர் மூக்கால் வந்தது. “ஐயோ, அப்பா கார் கதைக்கிறார்! ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் ரெண்டும் அப்பாவின்ரை காருகள்!”

இந்தத் தடவை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது நான். வசந்தி அன்ரி மட்டும் கண் சிமிட்டுவதற்குள் சுதாரித்தார். “ஓமோம், பிள்ளை தன்ரை பழைய காரைச் சொல்லுறா” என்று அந்தப் பேச்சின் கதவைச் சாத்திப் பூட்டினார். ஆக, நான் வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து சொன்ன உண்மை, சேஃப்டி எடுக்க முடியாமல் போன ஒரு பழைய காராக மாறிவிட்டது. (சேஃப்டி என்பது பழைய காரை ரோட்டில் இறக்க மெக்கானிக் பார்த்துக் கொடுக்கும் சான்று. ஃபெயிலும் பாஸும் அதில்தான்.) திரும்பவும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இருந்த தைரியம் முழுவதும் அதிலேயே செலவழிந்துவிட்டது.

“வாரும் பிள்ளை, காட்டுறன்” என்று அங்கிள் எழும்பினார்.

கராஜ் கதவு மேலே போனது. உள்ளே இரண்டு கார்கள். இரண்டும் வெளிர் பச்சை, இரண்டுக்கும் வெள்ளை இடுப்புப் பட்டி, பின்பக்கம் மீன் செட்டை மாதிரி நீட்டிய இரண்டு முனைகள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்த்தால் கண் பிழைத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். பக்கத்தில் நின்ற கஜனின் அம்மா மெதுவாகச் சொன்னார்: “விண்டர் முழுக்க என்ரை கார் ஸ்நோவுக்கை. உதுகள் ரெண்டும் உள்ளுக்கை, போர்வையோடை.”

“எது ஒக்ஸ்போட், எது கேம்பிரிஜ்? சொல்லும் பாப்பம்” என்றார் அங்கிள்.

கஜன் சொன்ன டெஸ்ட் இதுதான். சுவரில் ஒரு பழைய காரின் படம் மாட்டியிருந்தது, உருண்டை முதுகும் பருத்த இடுப்புமாக. தெரிந்ததைச் சொல்லியாவது தப்புவோம் என்று, “அங்கிள், இது அம்பாசிடர்” என்றேன். சினிமாவில் மந்திரிமார் வந்து இறங்குகிற கார். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அங்கிள் கண்ணை மூடித் திறந்தார். “அரைவாசி மார்க் தரலாம். உது பழைய ஒக்ஸ்போட். உவளைத்தான் பிறகு இந்தியாவிலை அம்பாசிடர் எண்டு செய்தவங்கள். தாயைக் காட்ட, மகளின்ரை பேரைச் சொல்லுறீர்.” பிறகு பச்சைக் கார்கள் பக்கம் திரும்பினார். “போர் முடிஞ்சாப்பிறகு அங்கை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கார் வேணும். ஒக்ஸ்போட் செய்த மொறிஸும் கேம்பிரிஜ் செய்த ஒஸ்ரினும் ஒரே கொம்பனியாச் சேந்திட்டுது, ஆனா மொறிஸ்காரன் ஒஸ்ரின் வாங்கமாட்டான், ஒஸ்ரின்காரன் மொறிஸ் வாங்கமாட்டான். அதாலை ஒரே உடம்பைச் செய்து, ரெண்டு முகம் வைச்சு வித்தவங்கள். முகத்தைப் பாரும்.”

முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பற்கள்! முன்னால் இருந்த மின்னும் கம்பி வரிசை, அதாவது கிறில், பல்வரிசையேதான். ஒரே உடம்பில் இரண்டு வேறு பல்லுக்கட்டு. ஒன்றின் நெற்றியில் ஒரு சிறிய சின்னம், தண்ணீருக்கு மேல் ஒரு சிவப்பு எருது. “மாடு நிக்கிறது ஒக்ஸ்போட்” என்று கஜன் என் காதுக்குள் சொன்னார். நான் அதைச் சத்தமாகச் சொன்னேன். “சரி!” என்று அங்கிள் கத்தினார். அந்தக் கணத்தில், உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கார்கள் எனக்கு அழகாகவே தெரிந்தன. தோல் இருக்கையின் வாசனை, தட்டுப் போன்ற பெரிய மெல்லிய ஸ்டியரிங், இழுத்தால் வெளியே வரும் சோக் குமிழ், கண்ணாடி போல மின்னும் பம்பர். ஒரு மனிதர் இவ்வளவு அன்போடு துடைத்து வைத்திருப்பதை வெறுக்க முடியாது.

அத்தோடு நாங்கள் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும்.

“ஒரு ரவுண்ட் போய்க் கோப்பி குடிச்சிட்டு வருவம்” என்றார் அங்கிள். ஒக்ஸ்போட்டில் அவரும் நானும். பின்னால் கேம்பிரிஜில் கஜன், அவருடைய அம்மா, வசந்தி அன்ரி.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் இல்லை. ஸ்டியரிங் வலது பக்கத்தில் அங்கிளிடம் இருந்தது. இங்கிலாந்துக் கார் அல்லவா, கனடாவில் சாரதி இருக்கவேண்டிய இடது பக்கத்தில் நான் வெறுங்கையோடு இருந்தேன். தலைக்குச் சாய்மானம் இல்லை. இடுப்பில் ஒரு பட்டி மட்டும். கார் ஸ்ரௌவ்வில் ரோட்டில் ஏறியதும் எதிரே வந்த லொறி என் மடிக்குள்தான் வருகிறது என்று நினைத்தேன். எதிரே வந்தவர்கள் சாரதியின் இடத்தில் என்னைப் பார்த்தார்கள். ஸ்டியரிங் இல்லாமல், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரு பெண் கார் ஓட்டுகிறாள். ஒருவர் தன் காரை ஓரம்கட்டியே விட்டார். அங்கிள் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் சேற்றுத்தட்டு, கியர், கார்பரேற்றர் என்று காற்றில் வரைந்து விளக்கினார். நான் எல்லாவற்றுக்கும் “ஓம் அங்கிள்” என்றேன். என் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

கோப்பிக்கடையில் காரில் இருந்தபடியே வாங்கும் பாதைக்குள் விட்டார். ஓடர் சொல்லும் பெட்டி இடது பக்கத்தில், அதாவது என் பக்கத்தில். கிரீமும் சீனியும் இரண்டிரண்டு போட்ட கோப்பி, ஐந்து டபுள் டபுள் சொன்னேன். பெட்டியைத் தாண்டியதும் பாதை மேடாக ஏறியது. அந்த ஏற்றத்தின் நடுவில் ஒக்ஸ்போட் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது.

“ஒண்டுமில்லை, சூட்டுக்கு உப்பிடித்தான் செய்வா” என்று சொல்லி, தன் வலது பக்கத்தில் இருந்த ஹாண்ட்பிறேக்கை இழுத்துவிட்டு, அங்கிள் இறங்கிப்போய்ப் பொனற்றைத் திறந்தார். முன்கண்ணாடியில் பச்சைத் தகரம் மட்டும்தான் தெரிந்தது. அவர் தெரியவில்லை. நான் தனியே, ஏற்றத்தில், ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில்.

கார் அசைந்தது என்று எனக்குத் தோன்றியது. சத்தியமாக அசையவில்லை, என் முழங்கால்தான் அசைந்தது. ஆனால் பயந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஹாண்ட்பிறேக்கை இன்னும் இறுக்குவோம் என்று இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, அங்கிளின் இருக்கையின் மேல் குறுக்கே விழுந்து, அந்தக் கம்பியைப் பிடித்தேன். நுனியில் ஒரு பட்டன் இருந்தது. என்னுடைய காரில் நிறுத்துவதற்குப் பட்டனைத்தான் அமுக்கவேண்டும். பட்டனை அமுக்கினால் கார் நிற்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே கார் அறிவு.

கம்பியை ஒரு இழு இழுத்துப் பட்டனை அமுக்கினேன். கம்பி என் கையோடு கீழே விழுந்தது.

கார் பின்னால் போகத் தொடங்கியது. மிக மெதுவாக, ஒரு பெரிய மனிதர் நாற்காலியில் சாய்வது போல. “அங்கிள்!” என்று கத்தினேன். பொனற்றுக்குப் பின்னால் இருந்து அவர் தலை வெளியே வந்தது, கைகள் நீண்டன, ஆனால் கார் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. என்ன பிரேக்கோ எங்கே பிரேக்கோ என்று கையால் பெடல்களைத் தடவினேன். அகப்பட்டதை அமுக்கினேன். அது கிளச். தலையைத் தூக்கினால், பின்கண்ணாடியில் கேம்பிரிஜ் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் கஜனின் முகம். பக்கத்தில் அவர் அம்மா. பின்னால் வசந்தி அன்ரி சாமியைக் கூப்பிடுவது வாயசைவில் தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள். கஜனுக்குப் பின்போக இடமில்லை.

தகரம் நொறுங்கும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நெருங்கிய சொந்தக்காரரின் எலும்பு முறிவது போல் இருந்தது.

கதவைத் திறந்து இறங்கினேன். ஒக்ஸ்போட்டின் பம்பர் வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பம்பர் கேம்பிரிஜின் வாய்க்குள் போயிருந்தது. கிறில் உள்ளே போய், மின்னும் துண்டுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. கஜன், அம்மா, அன்ரி மூவருக்கும் ஒன்றும் இல்லை என்று கண்டபோது எனக்கு வந்த அழுகை, நிம்மதியா பயமா என்று இன்றைக்கும் தெரியாது. வேலைப் பழக்கம் போகவில்லை. குனிந்து உடைந்த பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கோப்பிக்கடை அட்டைத் தட்டில் அடுக்கினேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஓடர் பெட்டி இன்னும், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கிள் வந்து நின்றார். கேம்பிரிஜின் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். கலியாணம் முறிந்தது, கஜன் போனார், எல்லாம் போனது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. உறுதியானதும் வாய் தானாகத் திறந்தது.

“அங்கிள், நான் யூனிவேர்சிற்றி முடிக்கேல்லை! ஒரு வருசம்தான் போனனான். ஃபெயில். அண்டைக்கு, இல்லை, இண்டைக்குக் காலமை சொன்னது கார் இல்லை, நான்தான்!”

அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அதுக்கும் ஹாண்ட்பிறேக்குக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?”

வசந்தி அன்ரி வானத்தைப் பார்த்தார். கஜன் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். “வேறை ஏதும் இருந்தா இப்பவே சொல்லிவிடும்” என்றார். “இதைவிட மோசமான நேரம் கிடைக்காது.” அந்தப் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நான்கு கார்களை இடித்திருப்பேன்.

ஆனால் முடிவைச் சொல்லவேண்டியவர் அவரல்ல. அதுவரை ஓரமாக நின்ற கஜனின் அம்மா, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கேம்பிரிஜைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இது இனி ஓடுமோ?” என்று கணவரைக் கேட்டார்.

“இப்போதைக்கு இல்லை.” அங்கிள் உள்ளே போன கிறிலைத் தடவினார். “தெரிஞ்ச பெடியன்ரை வேர்க்‌ஷொப்பிலைதான் விடவேணும். கன மாசம் எடுக்கும்.”

“அப்ப, கராஜிலை ஒரு பக்கம் வெறுமையோ?”

அம்மா என்னிடம் வந்தார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

“பிள்ளை, உமக்கு எந்த மாசம் கலியாணம் வைச்சா வசதி?”

அந்த விண்டரில் அவருடைய கார் கராஜுக்குள் நின்றது. மார்கழியில் நான் அந்த வீட்டு மருமகளானேன். மாமா எங்கள் கலியாணத்துக்குச் சிரித்த முகத்தோடுதான் நின்றார், ஆனால் மண்டபத்துக்கு வாடகைக் காரில்தான் வந்தார். வண்டி எதையும் என் கண்ணில் காட்ட அவருக்குப் பயம். எங்கள் உறவு சரியானது பல் வைத்தியரின் தயவில். ஒருநாள் போன் எடுத்து, “பிள்ளை, பல்லுக்குப் பின்பக்கம் பாக்கிற அந்தச் சின்னக் கண்ணாடி எங்கை வாங்கலாம்?” என்று கூச்சத்தோடு கேட்டார். கைபோகாத இடத்து உக்கலைப் பார்க்கவாம். புதிதாக ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வைத்துக் கேம்பிரிஜின் வாய்க்குள் பார்த்து, நாங்கள் இருவரும் நிறையப் பெருமூச்சு விட்டோம்.

கேம்பிரிஜுக்கு அசல் கிறில் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில், ஒக்ஸ்போட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த உபரிக் கிறிலையே பொருத்தினார். கேம்பிரிஜுக்கு ஒக்ஸ்போட் பல்லுக்கட்டு. பழைய கார்க் கூட்டங்களில் வெள்ளைக்காரக் கிழவர்கள் அதைச் சுற்றி நின்று, இது எது என்று சண்டை பிடிக்கிறார்கள். மாமா பதில் சொல்வதில்லை. விரலை என் பக்கம் நீட்டுவார்.

இப்போது எந்தக் கலியாண வீட்டிலும் அவர் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே வசனத்தில்தான். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. “இவ எங்கடை மருமகள். ஒக்ஸ்போட், கேம்பிரிஜ் ரெண்டையும் ஒரே நாளிலை முடிச்சவ.”

கேட்கிறவர்கள் மரியாதையோடு எழும்பி நிற்கிறார்கள். நான் மறுப்பதற்குள் மாமா அடுத்த மேசைக்குப் போய்விடுவார். போன மாதம் மார்க்கம் பக்கம் ஒரு மண்டபத்தில், பன்னிரண்டாம் வகுப்பு மகளோடு வந்த ஒரு அன்ரி என்னை விடவே இல்லை. மகளை இழுத்து என் முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “சொல்லும் பிள்ளை, ரெண்டிலையும் எது கஷ்டம்?”

பொய் சொல்ல எனக்கு இன்றைக்கும் பயம். உள்ளதைச் சொன்னேன்.

“ஒக்ஸ்போட் பரவாயில்லை அன்ரி. கேம்பிரிஜிலைதான் முன்பல்லு முழுக்கப் போனது.”

அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

“பாத்தியே? பல்லுப் போனாலும் பரவாயில்லை எண்டு படிச்சிருக்கிறா!”